சாயக்காரர் வீட்டு வெள்ளச்சி

பிள்ளையார்பாளையத்தில் சாயக்கார தினகரனைத் தெரியாதவர்கள்கூட இருப்பார்கள். அவன் வீட்டு நாயைத் தெரியாதவர்கள் கிடையாது. வெள்ளச்சி தெருவில் இறங்கி நடந்தால் போதும், அன்றைக்குப் பட்டறையில் என்ன நிறம் கொதிக்கிறது என்று தெருவுக்கே தெரிந்துவிடும். காலெல்லாம் மஞ்சளா, மாம்பழ மஞ்சள் ஓடுகிறது. வால் நுனி நீலமா, மயில் கழுத்து. மூக்கும் வாயும் சிவந்து கிடந்தால் அரக்கு, கல்யாணப் புடவைகளுக்கு ஆர்டர் வந்து குவிந்துவிட்டது என்று அர்த்தம். நூலைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் தறிக்காரர்கள் ஆளனுப்பி விசாரிப்பதில்லை. "நாய் இன்னும் நீலமாத்தான் சுத்திக்கினு இருக்குது, நம்ம பச்சை நாளைக்குத்தான்" என்று வீட்டிலிருந்தபடியே முடிவு செய்துகொள்வார்கள்.

அப்படிப்பட்ட நாய்க்கு வெள்ளச்சி என்று பெயர் வைத்தது தினகரனின் மனைவி காவேரி. ஒரு மழைநாளில் எங்கிருந்தோ ஓடிவந்த குட்டி, பட்டறைக்குள் நுழைந்த வேகத்தில், நூல் அலசி வைத்திருந்த தொட்டிக்குள் தொபுக்கடீர் என்று விழுந்தது. காவேரி கழுத்தைப் பிடித்துத் தூக்கி எடுத்தபோது மஞ்சளில் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி இருந்தது. "உள்ள வரும்போது நான் பாத்தேங்க, பால் மாதிரி வெள்ளை" என்று அவள் அடித்துச் சொன்னாள். தினகரன் சிரித்தான். "நெறத்தப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா நீ?" என்றான். ஆனாலும் பெயர் நின்றுவிட்டது. அந்தப் பெயருக்கு சாட்சி காவேரி ஒருத்திதான்.

நிறம் என்று வந்தால் தினகரனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், அவனுக்கு இல்லாமல் வேறு யாருக்கு? வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டு வந்து இதே பச்சை வேண்டும் என்பார்கள். செம்பருத்தி இதழைத் தாளில் மடித்துக்கொண்டு வருவார்கள். ஒரு கல்யாணப் பெண், தன் அப்பாவுடைய பழைய ஸ்கூட்டரின் நிறம் வேண்டும் என்று அந்த ஸ்கூட்டரையே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். எல்லோருக்கும் கேட்ட நிறம் கிடைத்தது. தராசு கிடையாது, குறிப்பு கிடையாது. சாயப் பொடியை விரலால் கிள்ளிப் போடுவான். கொதியிலிருந்து பட்டு நூல் கற்றையான சிட்டம் ஒன்றை மூங்கில் கோலால் தூக்கி, நுனியைப் பிழிந்து, முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோய்த் தலையைச் சாய்த்துப் பார்ப்பான். "சரி" என்பான். அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாயிற்று. அண்டாவின் மறுபக்கம் கல்யாணமான நாளிலிருந்து கோல் பிடித்து நூலைத் திருப்பிக்கொண்டிருப்பவள் காவேரி. "நீ என்ன நினைக்கிறே?" என்று அவளிடம் அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் "நான் பாக்காத கலரா?" என்பான். அந்த வீட்டில் எந்தப் பேச்சும் அந்த வார்த்தையைத் தாண்டிப் போனது கிடையாது.

வெள்ளச்சிக்கு ஒரு கெட்ட பழக்கம். அவளுக்கென்று வைத்த நல்ல தண்ணீரை முகர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். நூல் அலசிய தண்ணீர் முற்றத்துக் கால்வாயில் இறங்கினால், எங்கே இருந்தாலும் ஓடிவந்து நக்குவாள். "ஏய், குடிக்காதடி!" என்று தினகரன் கத்துவான். அவள் ஒரு கண்ணால் அவனைப் பார்த்துக்கொண்டே இன்னும் நாலு நக்கு நக்குவாள்.

சில வருடங்களுக்கு முன்பு ஒருநாள் அவள் தெரு நடுவில் சிவப்பாகச் சிறுநீர் போனாள். தினகரன் பதறிப்போய் அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, சட்டைகூடப் போடாமல் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினான். அங்கிருந்த டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, சாயத் தண்ணீர் குடித்ததுதான், வேறொன்றும் இல்லை என்று அனுப்பிவைத்தார். அன்று பிடித்தது கேலி. "இன்னா தினகரா, ஒன் சாயத்துக்கே நீ வைத்தியம் பாக்கப் போனியாமே?" என்று டீக்கடையில் ஆரம்பித்து கோயில் வாசல் வரைக்கும் கேட்டார்கள். நிறத்தில் தப்பு பண்ணினான் என்று ஊர் சிரித்ததை அவனால் தாங்க முடியவில்லை. சிரித்தவர்கள் மறந்துவிட்டார்கள். அவன் மறக்கவில்லை.

இந்தக் கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது. தாமல் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக வெளியே வழிகிறது என்று அஹமது பாஷா வந்து சொன்னார். பாஷா ஆட்டோக்காரர், சாயம் போட்ட நூலைத் தறிக்காரர் வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர், தினகரனுக்குப் பல வருட சிநேகிதர். அமாவாசைக்குத் தறியும் ஓடாது, பட்டறை அடுப்பும் எரியாது. "வா பா, போய்ட்டு வரலாம். வருஷம் பூரா இந்தக் கொதிக்குள்ளயே வெந்துக்கினு இருக்கிறே" என்றார் பாஷா. காவேரி எலுமிச்சை சாதம் கட்டினாள். ஆட்டோ கிளம்பும்போது, கூப்பிடாமலே வெள்ளச்சி ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த ஒரு பகல் அவர்களுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஏரி கரை தளும்ப நின்றது. கலங்கலில் விழுந்த தண்ணீரில் வெள்ளச்சி இறங்கிக் குதித்தாள், ஏறினாள், மறுபடி இறங்கினாள். கரையோரம் மாடும் ஆடும் மேய்கிற புல்லில் முதுகைப் போட்டுப் புரண்டாள். மூன்று நான்கு நாளாகப் பட்டறைப் பக்கம் சாயத் தண்ணீர் அதிகம் இல்லாததாலோ என்னவோ, வெயிலில் காய்ந்து அவள் எழுந்து உதறியபோது உடம்பு ஏறக்குறைய வெள்ளையாக இருந்தது. "பாத்தீங்களா, நான் சொன்னனே!" என்று காவேரி கை தட்டிச் சிரித்தாள். தினகரனும் சிரித்தான். "சரி, ஒத்துக்கிறேன்" என்றான். அவன் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் வெள்ளச்சியின் காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி. காவேரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெயில் போட்டாள். பாஷா குனிந்து பார்த்துவிட்டு, "எதுக்கும் டாக்டராண்ட ஒரு வாட்டி காட்டிடு தினகரா" என்றார். "அதான் எடுத்தாச்சே பாய். உண்ணிக்கெல்லாமா டாக்டர்?" என்றான் தினகரன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மார்கழி பிறந்தது. தை முகூர்த்தங்களுக்கு நூல் வந்து குவிந்தது. எல்லோருக்கும் அரக்கு வேண்டும். அண்டா அடுப்பை விட்டு இறங்கவில்லை. அந்த மும்முரத்தில் முதலில் கவனித்தவள் காவேரி. பாஷாவின் ஆட்டோ சத்தம் கேட்டால் தெருமுனைக்கே ஓடுகிற வெள்ளச்சி, வால் நுனியை மட்டும் ஆட்டிவிட்டுப் படுத்துக்கொண்டாள். தயிர்சாதத்தை முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பினாள். சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கியது. காது தொட்டால் சுட்டது.

"ஏங்க, இவளுக்கு ஒடம்பு சரியில்ல. கொஞ்சம் பாருங்களேன்."

"இந்தக் குளிருக்கு எனக்கும்தான் சரியில்ல. அடுப்போரமா படுத்தா காது சுடாம என்ன பண்ணும்?" என்றான் தினகரன், கோலை விடாமல்.

மறுநாள் காலை வெள்ளச்சி முற்றத்துச் சிமெண்டில் கால் மடக்கி உட்கார்ந்து எழுந்தாள். அவள் உட்கார்ந்த இடம் சிவந்து கிடந்தது. காவேரி போட்ட கூச்சலில் தினகரன் கோலோடு ஓடிவந்தான். குனிந்து பார்த்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"அரக்கு. ரெண்டாவது அலசல் தண்ணி. குடிச்சுட்டு வந்திருக்கிறா கழுத."

"அவ தண்ணியே குடிக்கலைங்க நேத்திலேருந்து. நான் பாத்துக்கினுதானே இருக்கிறேன்."

"நான் பாக்காத கலரா?"

காவேரி விடவில்லை. வெள்ளச்சியின் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். உதடும் ஈறும் சிவப்பாகத்தான் இருந்தன, சாயம் நக்குகிற நாய்க்கு வேறெப்படி இருக்கும்? "பாத்தியா? ஊரு ஒரு வாட்டி சிரிச்சது போதும்" என்றான். உண்மையைச் சொன்னால், அவன் மனதின் ஒரு மூலையில் லேசாக ஏதோ உறுத்தியது. ஆஸ்பத்திரி வாசலில் மறுபடி ஒருமுறை முட்டாளாக நிற்பதை நினைத்ததும் அந்த உறுத்தல் அடங்கிவிட்டது. அந்தப் பாழாய்ப்போன வீம்பை என்னவென்று சொல்வது?

அரக்கு முடிந்தது. அடுத்து கிளிப்பச்சை ஏற்றினார்கள். அந்த நாள் முழுக்கப் பச்சை, மறுநாளும் பச்சை. வெள்ளச்சி பட்டறை வாசலிலேயே கிடந்தாள். கொதியிலிருந்து தெறித்த பச்சை அவள் முதுகில் புள்ளி புள்ளியாக விழுந்திருந்தது. நக்கிவிடக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. மதியம் எழுந்து முற்றத்துக்குப் போகப் பார்த்தாள். பின்னங்கால் பின்னிக்கொண்டு சரிந்தாள். சரிந்த இடத்திலேயே சிறுநீர் போயிற்று.

காவேரி அங்கேயே குந்தி உட்கார்ந்தாள். கூச்சல் போடவில்லை. தணிந்த குரலில் கேட்டாள்.

"ஏங்க. ரெண்டு நாளா அண்டாவுல பச்சைதானே வேகுது?"

"ஆமாம்."

"அப்ப இது எப்படிச் செவப்பா போவும்?"

தினகரன் திரும்பிப் பார்த்தான். சிவப்புகூட இல்லை அது. காபி டிகாக்ஷன் மாதிரி கறுத்திருந்தது, ஓரத்தில் மஞ்சள் பூத்திருந்தது. அப்படி ஒரு நிறத்தை அவன் வாழ்நாளில் கலக்கியதில்லை. அவன் கையிலிருந்த கோல் நழுவி, சிட்டங்களோடு அண்டாவுக்குள் போய் விழுந்தது. அந்தப் பச்சை திட்டுத்திட்டாக வெந்து வீணாய்ப் போனது. தினகரன் கெடுத்த முதல் நூல் அதுதான். அவன் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பாஷாவின் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே இப்போது வேறு டாக்டர், ரூக்ஷார் என்று இளவயதுப் பெண். மேசையில் கிடத்தியதும் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். "என்ன இது, வாயெல்லாம் கலர்?" என்றார்.

"நாங்க சாயக்காரங்கம்மா" என்றாள் காவேரி.

டாக்டர் பஞ்சை நனைத்து ஈறை அழுத்தித் துடைத்தார். பஞ்சு இளஞ்சிவப்பானது. இன்னொரு பஞ்சு எடுத்துத் துடைத்தார். சாயம் விலகின இடத்தில் ஈறு வெள்ளை வெளேரென்று இருந்தது, சாயம் ஏறாத பட்டு மாதிரி.

"இங்க பாருங்கண்ணா" என்று தன் கட்டை விரலால் அந்த ஈறை அழுத்தி எடுத்தார் டாக்டர். "நல்லா இருக்கிற நாய்க்கு, அழுத்தின இடம் வெளுத்து, கையை எடுத்ததும் உடனே ரோஸ் கலர் திரும்பி வந்துடும். இதுக்குத் திரும்பி வர ரத்தமே இல்ல. கண்ணு ஓரம் மஞ்சளா இருக்கு, பாருங்க. வெளியில எங்கயாவது கூட்டிட்டுப் போனீங்களா? ஏரி, வயல், ஆடு மாடு மேயற இடம்?"

"தாமல் ஏரிக்குப் போனோம்" என்றாள் காவேரி. "அமாவாசையன்னிக்கு. உண்ணி இருந்துச்சு. எல்லாத்தையும் நான் எடுத்துட்டேனே."

"நீங்க எடுக்கிறதுக்கு முன்னாடியே கடிச்சிருக்கும்மா. அது மூலமா ஒரு கிருமி ரத்தத்துக்குள்ள போயிடும். கொஞ்ச நாள் ஒண்ணும் தெரியாது. அப்புறம் காய்ச்சல் வரும், சாப்பிடாது, சோர்ந்து படுத்துக்கும். ரத்தம் உள்ளயே உடைஞ்சு சிறுநீர்ல வர ஆரம்பிக்கும்."

தினகரன் மெல்லக் கேட்டான். "அது சாயம் இல்லியாம்மா?"

"அது அவளோட ரத்தம்ணா."

"என் அரக்கு மாதிரியே இருந்துச்சும்மா" என்றான் அவன். சின்னப் பிள்ளை சாக்குச் சொல்வது போல் இருந்தது அவனுக்கே. டாக்டர் ஊசி மருந்தை ஏற்றினார். கிருமிக்கு மருந்து போட்டாயிற்று, ஆனால் அது வேலை செய்கிறவரை தாங்க உடம்பில் ரத்தம் வேண்டும், இன்னொரு நாயின் ரத்தம் ஏற்ற வேண்டும், அந்த வசதி சென்னையில்தான் இருக்கிறது, உடனே கிளம்புங்கள், போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன் என்றார்.

பாஷா உடனே ஆட்டோவைக் கிளப்பினார். சென்னை நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே அந்தச் சின்ன வண்டி உயிரைக் கொடுத்து ஓடியது. வெள்ளச்சி தினகரனின் மடியில் கிடந்தாள். அவன் முழங்கை வரை பச்சை. அந்தக் கையில் தாடையை வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அவளுக்குக் கோபம் இல்லை. ஏதாவது செய்வான் என்ற நம்பிக்கைதான் அந்தப் பார்வையில் இருந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. "போய்டலாம்டி, இதோ போய்டலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். காவேரி டாக்டர் காட்டிக்கொடுத்தபடி ஈறை அழுத்தினாள், விட்டாள், குனிந்து பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். வருகிறதா, ஒரு துளி ரோஸ் வருகிறதா என்று வழி நெடுக அதையே செய்தாள்.

சுங்குவார்சத்திரம் தாண்டுவதற்குள் வெள்ளச்சி ஒருமுறை நீளமாக மூச்சை இழுத்தாள். விட்டாள். பிறகு இழுக்கவில்லை. காவேரியின் விரல் அப்போதும் ஈறின் மேல்தான் இருந்தது. "பாய், நிறுத்துங்க" என்றாள். பாஷா ஓரங்கட்டி இறங்கி, சாலைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். தினகரன் மட்டும், "ஏன் நின்னுட்டீங்க? போங்க பாய், போங்க!" என்று கத்தினான்.

புதைப்பதற்கு முன் குளிப்பாட்ட வேண்டும் என்றாள் காவேரி. "வெள்ளையா வந்தா. வெள்ளையாத்தான் அனுப்புவேன்." கொல்லையில் கல்லின் மேல் கிடத்தி, வெந்நீர் ஊற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தண்ணீர் தெளிவாகவே ஓடியது. முதுகின் பச்சைப் புள்ளி போகவில்லை, மோவாயில் தெறித்திருந்த அரக்கு போகவில்லை. மறுபடி சோப்புப் போட்டாள், அழுதுகொண்டே தேய்த்தாள். தினகரன் பக்கத்தில் நின்று பார்த்தான். 'என் சாயம் போனா மீசைய எடுத்துடறேன்' என்று ஊரெல்லாம் சவால் விட்டவன் அவன். பட்டில் ஏறுவது மயிரிலும் ஏறும், அலசல் தண்ணீர்ச் சாயம் போய்விடும், கொதியிலிருந்து சுடச்சுடத் தெறித்தது இனி எந்தத் தண்ணீருக்கும் போகாது என்று அவனுக்குத் தெரியும். "விட்டுடு காவேரி" என்று சொல்ல வந்தான். கீழே உட்கார்ந்து, இரண்டு பச்சைக் கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி அழுதான். அந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு காவேரி அவனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சோறு போட்டாள், எதிர்ப்பக்கம் கோல் பிடித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். திட்டித் தீர்த்திருந்தால் அவனுக்குப் பாதி பாரம் இறங்கியிருக்கும். டீக்கடைக்குப் போனால் அங்கே படுத்திருக்கும் நாயின் உதட்டைத் தூக்கி, கட்டை விரலால் அழுத்திப் பார்க்கும் பழக்கம் வந்தது அவனுக்கு. வெளுத்த இடத்தில் ரோஸ் திரும்பி வருவதைப் பார்த்துவிட்டுத்தான் டீயைக் கையில் வாங்குவான். யாராவது நாயோடு ஏரி, தோப்பு என்று கிளம்பினால் வழிமறித்து, "வந்ததும் ஈறப் பாரு பா, மூத்திரத்தப் பாரு. சாப்பிடலன்னா அன்னிக்கே காட்டிடு" என்பான். தறிக்காரர்கள் இப்போது ஆளனுப்பித்தான் விசாரிக்கிறார்கள்.

மாசியில் ஒரு ஜவுளிக் கடைக்காரர் நூலோடு வந்தார். மார்கழியில் போட்ட அதே அரக்கு வேண்டும் என்றார். தினகரன் மறுக்கவில்லை, பிழைப்பு அது. பொடியைக் கிள்ளிப் போட்டான், கொதித்தது. முதல் சிட்டத்தைத் தூக்கி, நுனியைப் பிழிந்து, முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தான். எப்போதும் வருகிற அந்த "சரி" வரவில்லை. வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு எதுவுமே நிச்சயமாகத் தெரியவில்லை.

"காவேரி" என்று கூப்பிட்டான். "நீ ஒரு வாட்டி பாத்துச் சொல்லேன்."

அவள் கோலைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தாள். சிட்டத்தைக் கையில் வாங்கி, வெகுநேரம் பார்த்தாள்.

"சரியாத்தான் இருக்குது" என்றாள். திருப்பிக் கொடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அன்னிக்கும் நான் பாத்துச் சொன்னேன்."

அவள் உள்ளே போய்க் கோலை எடுத்துக்கொண்டாள். தினகரன் சிட்டத்தை அலசினான். சிவந்த தண்ணீர் கால்வாயில் இறங்கி, முற்றத்தைத் தாண்டி, வாசல் வரை போயிற்று. ஓடிவந்து நக்க வெள்ளச்சி இல்லை, குடிக்காதே என்று கத்த வேண்டிய வேலையும் இல்லாமல் அவன் அலசிக்கொண்டே இருந்தான்.